செருப்பைக் கழற்றும் இளவரசன்

“அம்மா, உங்க இளவரசன் கதாநாயகி வீட்டு வாசல்ல செருப்பைக் கழட்டி வைக்கிறான்,” என்றார் கணேசமூர்த்தி.

“கழட்டாம எப்படிங்க உள்ள போவான்?” என்று கேட்டாள் அனுசியா.

கணேசமூர்த்தி கோலாலம்பூரில் பதிப்பகம் வைத்திருப்பவர். அனுசியாவின் முதல் நாவலை அச்சுக்கு எடுப்பதா, திருப்பி அனுப்புவதா என்பது அவர் கையில் இருந்தது. சரித்திரக் காதல் நாவல். பழைய கடாரத்துத் துறைமுகம். அங்கே சுங்கச்சாவடியை ஆளுகிறவள் செங்கயல். அவளை மயக்க வருகிறவன் வேங்கைமாறன் என்ற இளவரசன்.

செங்கயலைப் பற்றி அவருக்குக் குறை எதுவும் இல்லை. அவள் மரக்கலம் ஓட்டுகிறாள், கொள்ளைக்காரர்களோடு விலை பேசுகிறாள், கல்யாணம் வேண்டாமென்று அரசவையிலேயே சொல்லிவிட்டுச் சாப்பிடப் போகிறாள். அவனைப் பார்த்தால்தான் கவலையாக இருக்கிறது என்றார். முதல் பக்கத்தில், அவன் பெயரைக் கேட்டாலே பெண்ணைப் பெற்றவர்கள் கதவைச் சாத்துவார்கள் என்று எழுதியிருக்கிறது. அதற்குப் பிறகு நாவல் முழுக்க அவன் கோயில் பொருளாளர் மாதிரி நடந்துகொள்கிறான். மோர் குடித்த குவளையைக் கழுவிக் கவிழ்த்து வைக்கிறான். இருட்டுவதற்குள் வீட்டுக்குக் கிளம்புகிறான். அவள் கையைப் பிடிக்கும் முன் அவளுடைய சித்தப்பாவிடம் கேட்கிறான்.

“வாசகிங்க பொல்லாதவனைத் தேடித்தாம்மா புத்தகத்துக்கு வர்றாங்க. நல்லவன் அவங்க வீட்டுலயே இருக்கான்.”

தீபாவளிக்குப் புத்தகம் வெளிவர வேண்டும். மாதக் கடைசிக்குள் இளவரசனைக் கெடுத்து அனுப்பினால் அச்சு. இல்லாவிட்டால் அவருடைய மேசையில் வேறு நாவல்கள் காத்திருக்கின்றன. சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அனுசியா நிமிர்ந்து பார்த்தாள். கூடத்தில் அவள் கணவர் காந்தன் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். டுரியான் துங்கால் அணைக்கட்டில் தண்ணீர் இலாகா வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் குரல் உயர்ந்து அவள் கேட்டதில்லை. அவளோ தெலுக் இந்தானிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். கல்யாணத்துக்கு முந்தைய காந்தனைப் பற்றி, அவர் செலண்டார் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தார் என்பதைத் தவிர அவளுக்கு எதுவும் தெரியாது. தெரிந்துகொள்ள என்ன இருக்கப்போகிறது என்றும் நினைத்திருந்தாள்.

“ஏங்க, கல்யாணத்துக்கு முன்னாடி யார் பின்னாலயாவது சுத்தியிருக்கீங்களா?”

காந்தன் துண்டின் முனைகளை ஒன்றோடொன்று சரிபார்த்து மடித்தார். “சீனி டப்பாவை மூடி வை. எறும்பு வருது.”

இளவரசன் எங்கிருந்து வந்தான் என்பது அவளுக்கு அப்போதுதான் விளங்கியது.

அடுத்த வரிசை வீட்டில் இருந்த நாத்தனார் ஜெயாதான் வழி சொன்னாள். நிஜமான பொல்லாதவன் வேண்டுமென்றால் புலாவ் செபாங்குக்குப் போ என்றாள். அங்கே ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் பூட்டு சாவிக் கடை வைத்திருக்கும் தர்மேந்திரன், அவர்கள் தோட்டத்தில் பிறந்தவன். இளவட்டமாக இருந்தபோது அவனால் தோட்டமே தூங்கவில்லையாம். அவனுக்குப் பயந்து வயசுப்பெண் இருந்த வீடுகளில் ஜன்னலுக்கு ஆணி அடித்தார்களாம். கடைசிவரை யாரும் அவனுக்குப் பெண் கொடுக்கவில்லை. தன் அண்ணனை அவனோடு சேரவே கூடாது என்று அப்பா தடுத்து வைத்திருந்தார் என்றும், அதனால்தான் அண்ணன் ஒழுங்காக வளர்ந்தது என்றும் சொன்னாள்.

அனுசியா சனிக்கிழமை பஸ் பிடித்துப் போனாள். தர்மேந்திரனைப் பார்த்ததும் ஏமாற்றமாக இருந்தது. அறுபது வயதுக்கு மேல், ஒல்லி. சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருந்தார். ஏறிட்டுப் பார்க்காமல் “என்னம்மா வேணும்?” என்றார்.

நீங்கள் பொல்லாதவராமே என்று எப்படிக் கேட்பது? கைப்பையில் இருந்த கேட்டுச் சாவியை எடுத்து நீட்டி, இன்னொன்று வெட்டித் தரச் சொன்னாள். வெட்டித் தந்தார். வீட்டுக்கு வந்துவிட்டாள்.

மறுபடி போனபோது பின்கதவுச் சாவி. அதற்கடுத்து அலமாரிச் சாவி. பேச்சு மழையைத் தாண்டிப் போகவில்லை. கடைசியாக வாசல்கதவுச் சாவியைக் கொடுத்து, இன்று கேட்டே தீருவது என்று மூச்சைப் பிடித்தாள். அந்த நேரம் பார்த்துப் பஸ் வந்துவிட்டது. ஓடி ஏறியவள் சாவியை அங்கேயே விட்டுவிட்டாள்.

தர்மேந்திரன் நேர்மையான மனிதர். சாவி இல்லாமல் ஒரு குடும்பம் கஷ்டப்படுமே என்று மறுநாள் காலையிலேயே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு டுரியான் துங்காலுக்கு வந்தார். அவர்கள் குடியிருப்பான தாமானில் மீன் லோரி வரும் நேரம். பெண்கள் கூடையோடு நின்றிருந்தார்கள். அவர்களிடம் போய் மரியாதையாக விசாரித்தார்.

“இதுல அனுசியாம்மா வீடு எதுங்க? அவங்க வீட்டு வாசல் சாவி என்கிட்ட இருக்கு.”

அன்று யாரும் மீனுக்குப் பேரம் பேசவில்லை என்று லோரிக்காரர் பிறகு சொன்னார்.

மதியத்துக்குள் விஷயம் ஜெயாவுக்குப் போய்விட்டது. அவள் ஓடி வந்தாள். அண்ணி, அவனிடம் கதை கேட்கத்தானே சொன்னேன், சாவி கொடுக்கவா சொன்னேன் என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். அனுசியா நடந்ததைச் சொன்னாள். இதை நான் சரிசெய்கிறேன் என்று கைத்தொலைபேசியை எடுத்தாள் ஜெயா. அனுசியா தடுப்பதற்குள் தாமான் பெண்களின் புலனக் குழுவில் செய்தி போய்விட்டது: ‘என் அண்ணி தர்மேந்திரனைப் பார்க்கப் போவதில் தப்பு எதுவும் இல்லை. அந்தக் காலத்தில் அவர் பெண்களிடம் என்னென்ன செய்தார் என்று தெரிந்துகொள்ளத்தான் போகிறார்.’

அதன்பிறகு குழுவில் யாரும் காலை வணக்கம்கூடப் போடவில்லை.

காந்தனிடம் மறைக்க ஒன்றும் மிச்சமில்லை. அனுசியா உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கோபப்படவில்லை. முகம் மட்டும் கொஞ்சம் வெளுத்தது.

“என்ன சொன்னான்?”

“இன்னும் ஒன்னும் சொல்லலங்க.”

“பேரு எதாவது சொன்னானா?”

“யார் பேரு?”

“பொதுவாத்தான் கேட்டேன்,” என்று எழுந்து போய், மடித்த துணியை மறுபடி மடிக்க ஆரம்பித்தார்.

அனுசியாவுக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. இந்த மனுஷனுக்குப் பொறாமை. இத்தனை காலம் கழித்து, தன் பெண்டாட்டி ஒரு பொல்லாதவனோடு பேசுகிறாள் என்று பொறாமை. அதையும் நாவலில் எங்கேயாவது சேர்க்கலாமா என்று யோசித்தாள்.

ஊர் வாயை அடைக்க, அடுத்த முறை ஜெயாவையும் கூட்டிப்போனாள். இந்த முறை நேராகவே கேட்டாள். இது நாவலுக்கு, யார் பேரும் வராது, எல்லாம் சோழர் காலத்தில் நடக்கும் என்றாள்.

தர்மேந்திரன் கையிலிருந்த சாவியை அரத்தால் தேய்த்துக்கொண்டே யோசித்தார். “சோழர் காலம்னா சரி,” என்றார்.

ஆரம்பித்தால் அவரை நிறுத்த முடியவில்லை. இத்தனை வருடம் சொல்ல ஆளில்லாமல் வைத்திருந்தது எல்லாம் வந்தது. தோட்டத்துத் துரையின் காரை எடுத்துக்கொண்டு மலாக்காவுக்குப் படம் பார்க்கப் போனது. “இஞ்சின் சத்தம் கேட்டா துரை முழிச்சுக்குவாரு. கேட்டு வரைக்கும் தள்ளியாச்சு. கை வீங்கிப் போச்சு.” கங்காணி மகளுக்கும் கணக்கெழுதும் கிராணி தங்கச்சிக்கும் ஒரே நாளில் மல்லிகைப்பூ போனது. “ரெண்டு வீட்டுக்கும் சந்தேகம் வராம கொண்டு போய்ச் சேர்த்தாச்சு.” எல்லாவற்றிலும் பெரிய கதை, தோட்டத்து ஆஸ்பத்திரி மாடி. ஆயாக்கள் தங்கியிருந்த மரவீடு அது, மேலே தகரக் கூரை. ஏறினால் சத்தம் ஊரைக் கூட்டிவிடும். அதனால் மழை வரும்வரை காத்திருந்து, மழைச் சத்தத்தில் ஏறுவது. கீழே நாய்க்குப் போட ரொட்டி, ஓட்டத்துக்குச் சைக்கிள். மழைக்காலம் முழுக்க நடந்ததாம். ஒருநாள் மருந்துக்காரர் டார்ச் விளக்கோடு வந்து தர்மேந்திரனைப் பிடித்துவிட்டார். அன்றிலிருந்துதான் அந்தப் பேர்.

ஜெயா கையைக் கட்டிக்கொண்டு, சீ, சீ என்று சொல்லியபடி, ஒரு சொல் விடாமல் கேட்டாள்.

அனுசியா வீட்டுக்கு வந்து எழுதினாள். துரையின் காடி அரசனின் தேர் ஆயிற்று. ஆஸ்பத்திரி மாடி சுங்கச்சாவடி மாடம் ஆயிற்று. வேங்கைமாறன் மழையில் கூரை ஏறினான். செருப்போடு. அத்தியாயங்களைக் கோலாலம்பூருக்கு அனுப்பியதும் கணேசமூர்த்தி அன்றே கூப்பிட்டார். கூரை ஏறினவரைக்கும் பிரமாதம் என்றார். “ஆனா ஜன்னல் தாண்டி உள்ள குதிச்சதும் மறுபடி பொருளாளர் ஆயிட்டான். சௌக்கியமான்னு கேக்குறான். உள்ள என்ன பேசினான்னு எழுதுங்கம்மா. அதுதான் நாவல்.”

அதற்கும் தர்மேந்திரனிடம்தான் போக வேண்டும். இந்த முறை காந்தன் தானே காடியை எடுத்தார். நான் கூட்டிப்போகிறேன் என்றார். புருஷனே கூட வந்தால் ஊருக்குப் பேச என்ன இருக்கும் என்று அனுசியாவும் ஒத்துக்கொண்டாள்.

கடையில் காந்தன் ஒரு முக்காலியில் உட்கார்ந்தார். தர்மேந்திரன் அவரைப் பார்த்தார். அவர் தர்மேந்திரனைப் பார்த்தார். நலம் விசாரித்துக்கொள்ளவில்லை. ஆஸ்பத்திரி மாடியில் உள்ளே போனதும் என்ன பேச்சு நடந்தது என்று அனுசியா மெதுவாகக் கேட்டாள். தர்மேந்திரன் காதுவரை சிவந்து, “அதெல்லாம் என்னைக் கேக்காதீங்கம்மா,” என்றார். காந்தன் தொண்டையைக் கனைத்தார். ரயில் ஒன்று வந்து நின்று போனது. திரும்பி வந்துவிட்டார்கள்.

அந்தக் காட்சியைத் தெருவுக்கு எதிரே கோப்பி குடித்துக்கொண்டிருந்த யாரோ பார்த்திருந்தார்கள். புருஷன் போய் நியாயம் கேட்டான், அவன் தலையைக் குனிந்துகொண்டான் என்று செய்தி வந்தது. அனுசியா என்னதான் செய்தாலும் செய்தி அவளுக்கு முன்னால் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை ராமையா ஆள் அனுப்பினார்.

ராமையா, செலண்டார் பக்கத்துத் தோட்டத்து மாரியம்மன் கோயிலின் தலைவர். தோட்டத்தில் ரப்பர் போய்ச் செம்பனை வந்து, தமிழர்கள் வெளியேறித் தாமான்களில் குடியேறிவிட்டாலும் கோயில் அதேதான். குடும்பத்தில் சண்டை என்றால் கோர்ட்டுக்குப் போகும் முன் கோயிலுக்கு வரவேண்டும் என்பதும் அதேதான். பூசை முடிந்ததும் கோயில் அலுவலகத்தில் நாற்காலி போட்டுச் செயலவை உட்கார்ந்தது. ஒரு பக்கம் காந்தன், அனுசியா, ஜெயா. எதிர்ப் பக்கம் தர்மேந்திரன், தனியாக.

அனுசியா ஒளிக்காமல் சொன்னாள். நான் அவரைப் பார்க்கப் போனது நாவலுக்காக. வேறெதற்கும் இல்லை.

“சாமி கதையா?” என்றார் ராமையா.

“காதல் கதைண்ணே. சரித்திரம்.”

நம்பிக்கை இல்லாமல் பார்த்தார்கள். அனுசியா கைத்தொலைபேசியைத் திறந்து படித்துக் காட்டினாள். கூரை அத்தியாயம். உள்ளே நடந்த பேச்சைச் சொல்ல ஆளில்லாததால், முந்தின நாள் அவளே யோசித்து எழுதியது அது.

“மழை வலுத்தது. நனைந்த ஆடையோடு வேங்கைமாறன் சாளரத்தில் நின்றான். ‘எனக்காகத் திறந்து வைத்திருந்தாயா?’ என்றான். செங்கயல் ஓலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ‘மழைக்காகத் திறந்து வைத்தேன். மழை வந்தால் கூரையில் பூனை வரும் என்பது எனக்குத் தெரியும்.’ ‘பூனையை என்ன செய்வாய்?’ ‘பால் குடிக்கிறதா, பாத்திரத்தை உடைக்கிறதா என்று பார்ப்பேன்.’ அவன் ஓரடி எடுத்து வைத்தான். விளக்கை ஊதி அணைத்தவள் அவள்.”

கோயில் பொருளாளர் வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினார்.

“அப்புறம்?” என்றார் ராமையா.

“அப்புறம் அடுத்த அத்தியாயம்ணே.”

ராமையா மற்றவர்களைப் பார்த்தார். அடுத்ததையும் படிக்கச் சொல்லலாமா என்று யோசித்தது முகத்தில் தெரிந்தது. பிறகு தான் எதற்கு உட்கார்ந்திருக்கிறோம் என்பது நினைவுக்கு வந்து நிமிர்ந்தார். இதெல்லாம் நிஜமா நடந்ததா என்று கேட்டார். தேரிலிருந்து கூரைவரை எல்லாம் தர்மேந்திரன் சொன்னது, எல்லாம் நிஜம், உள்ளே நடந்த பேச்சு மட்டும் என்னுடையது என்றாள் அனுசியா.

ராமையா நியாயத்தைத் தெளிவாக எடுத்து வைத்தார். தர்மேந்திரன் சொன்ன கதை நிஜம் என்றால், இந்தம்மா கதை கேட்கத்தான் போனது என்று ஆகிறது. குற்றம் இல்லை. புத்தகம் வரட்டும், வெளியீட்டுக்குக் கோயில் மண்டபத்தையே தரலாம். கதை பொய் என்றால், இத்தனை நாள் அந்தக் கடையில் உட்கார்ந்து இரண்டு பேரும் என்ன செய்தார்கள் என்ற கேள்வி வருகிறது. அப்போது புத்தகம் வரக்கூடாது. கும்பாபிஷேக மலரை அச்சடித்துக் கொடுத்தவர் கணேசமூர்த்திதான், ஒரு போன் போட்டால் நிறுத்திவிடுவார்.

“அதனால தர்மேந்திரா, சூடம் அடிச்சுச் சத்தியம் பண்ணு. நான்தான் ஏறினேன்னு சொல்லு. முடிஞ்சது.”

சூடம் கொண்டுவரச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தார்.

அனுசியாவுக்கு மூச்சு வந்தது. இவ்வளவுதானா என்றிருந்தது. ஆனால் தர்மேந்திரன் எழுந்திருக்கவில்லை.

“சாமி முன்னால வேணாம்ணே.”

“அப்ப கதை பொய்யா?”

“பொய் இல்லண்ணே.”

“நிஜமா?”

“நிஜம்தான்.”

“அப்ப அடிக்க என்ன?”

தர்மேந்திரன் கையைப் பிசைந்தார். கழுத்துப் பொத்தானைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். ஊரார் ஆயிரம் சொன்னபோதும் வாய் திறக்காதவர், இப்போதும் திறக்கவில்லை. அனுசியாவின் நாவல் அவருடைய மௌனத்தில் போய்க்கொண்டிருந்தது. கணேசமூர்த்தியின் மேசையில் காத்திருக்கும் மற்ற நாவல்கள் அவள் கண்ணுக்குத் தெரிந்தன.

அப்போதுதான் காந்தன் எழுந்தார். சபையில் அவர் எழுந்து யாரும் பார்த்ததில்லை.

“சூடமெல்லாம் எதுக்குண்ணே. நான் என் பெண்டாட்டியை நம்புறேன். எனக்கு ஒரு சந்தேகமும் இல்ல. இத்தோட விட்டுடலாம்.”

அனுசியா அவரை ஏறிட்டுப் பார்த்தாள். நெற்றியில் வேர்வை. என் மானத்துக்காக ஊர் முன்னால் நிற்கிறார், பாவம். இந்த மனுஷனைப் போய்க் கதாநாயகனுக்கு ஆகமாட்டார் என்று நினைத்தோமே என்று தன்னையே நொந்துகொண்டாள்.

“நீங்க நம்புனா போதாதுங்க, ஊரு நம்பணும்ல,” என்றார் ராமையா. பொருளாளரும் தலையாட்டினார். ஜெயா, எங்கண்ணன் தங்கம், அவருக்காகவாவது அந்த ஆள் சத்தியம் பண்ணட்டும் என்றாள். காந்தன் தங்கையை ஒரு பார்வை பார்த்து, உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் நின்றார்.

சூடத் தட்டோடு இருசம்மாள் உள்ளே வந்தார். கோயில் சமையல் அவருடையது. அந்தக் காலத்தில் தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தவர். பேரப்பிள்ளைகள் எடுத்துவிட்டார், யாருக்கும் பயப்பட வேண்டிய வயதைத் தாண்டியவர். கதவுக்குப் பின்னால் நின்று அத்தியாயம் முழுவதையும் கேட்டிருக்க வேண்டும். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, அனுசியாவைப் பார்த்து, பேச்சு அப்படியே எழுதியிருக்கம்மா என்றார். பூனை என்று மட்டும் சொல்லவில்லை, மற்றதெல்லாம் சரி என்றார்.

தர்மேந்திரன் தலையைக் குனிந்துகொண்டார். ராமையா சூடத்தை ஏற்றித் தட்டை அவர் பக்கம் நீட்டச் சொன்னார்.

இருசம்மாள் நீட்டவில்லை. தட்டோடு அப்படியே திரும்பி, நின்றுகொண்டிருந்த காந்தனுக்கு நேராக வந்தார்.

“தலைவரே, அவருகிட்ட சூடத்தை நீட்டி என்ன செய்ய, அவரு பாவம் மழையில சைக்கிளைப் பிடிச்சுக்கிட்டுக் கீழ நின்னவரு, மேல ஏறி வந்தது இந்தம்மா வீட்டுக்காரரு.”